தியானம் பழகத் தொடங்குபவர்களுக்கு: பாயிலிருந்து அன்றாட வாழ்வு வரை

தியானம் பழக ஆசைப்பட்டு அமர்பவர்களில் பலர் சில நாட்களுக்குள்ளேயே எழுந்துவிடுகிறார்கள். நேரம் கிடைக்கவில்லை என்று அவர்கள் சொன்னாலும், நான் பேசிப் பார்த்த அளவில் உண்மையான காரணம் வேறு. கண்ணை மூடியதும் எண்ணங்கள் நின்றுவிடும் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள். அவை நிற்காமல் முன்னைவிட வேகமாக ஓடுவதைக் கண்டதும் ‘இது எனக்குச் சரிவராது’ என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். ஆகவே பாயை விரிப்பதற்கு முன்னரே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. மனம் அலைவதைக் கொண்டு தியானம் பிழைத்துவிட்டது என்று கொள்ளக் கூடாது. அலைந்த மனத்தை, அது அலைந்துவிட்டது என்று தெரிந்த அந்தக் கணத்தில், திட்டாமலும் நொந்துகொள்ளாமலும் மறுபடி தொடங்கிய இடத்துக்குக் கொண்டுவருவதுதான் பயிற்சி. ஒரே அமர்வில் 50 தடவை அலைந்து 50 தடவை திரும்பியவர் அந்தப் பயிற்சியை 50 தடவை செய்திருக்கிறார்.

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. பதஞ்சலியின் யோக சூத்திரம் எட்டு அங்கங்களை வரிசைப்படுத்தும்போது, மனத்தை ஓரிடத்தில் நிறுத்த முயலும் தாரணையை ஆறாவதாகவும், அந்த முயற்சி அறுபடாமல் தொடரும் தியானத்தை ஏழாவதாகவும் வைக்கிறது. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இதே எட்டு அங்கங்களை எடுத்துரைக்கிறார். அதாவது, அறுபடாத கவனம் என்பது நீண்ட பழக்கத்தின் பின்னர் வருவது. முதல் மாதத்தில் அமர்பவருக்கு அறுபட்டு அறுபட்டு ஒட்டும் கவனமே வாய்க்கும், அதுவே போதும். பௌத்த மரபில் மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதியை விளக்கும் பழைய உரைகள் முளையில் கட்டிய கன்றைப் பற்றிப் பேசுகின்றன. கட்டிய கன்று முதலில் இழுக்கும், துள்ளும், சுற்றிச் சுற்றி வரும். கயிறு இருக்கிறது என்று பழகிய பிறகு அந்த முளையின் அடியிலேயே படுத்துக்கொள்ளும்.

திருகோணமலையில் இருப்பவருக்கு இது முற்றிலும் அந்நியமான விடயமும் அல்ல. கோணேசர் சன்னிதியில் சம்பந்தரின் தேவாரத்தை மெல்லப் பாடுபவரும், கிண்ணியாவிலும் மூதூரிலும் தொழுகைக்குப் பின் அமர்ந்து இறைவனை நினைந்து திக்ரு ஓதுபவரும், செபமாலை மணிகளை உருட்டியபடி முழந்தாளிடுபவரும், பௌர்ணமிப் போயா நாளில் விகாரையில் பாவனை எனும் தியானம் செய்பவரும் கவனத்தை ஒன்றின் மேல் வைத்துப் பழகியவர்களே. அவர்களுடைய வழிபாட்டுக்கு அவரவர் நம்பிக்கையில் தனியான பொருள் உண்டு. அதை வெறும் மனப்பயிற்சியாகச் சுருக்க எனக்கு விருப்பமில்லை. ஆயினும், ஏற்கெனவே அவ்வாறு அமரும் பழக்கமுள்ளவர் அதை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடத் தேவையில்லை. இங்கே நான் விவரிப்பது எந்தச் சமயத்தவரும் தமது நம்பிக்கைக்கு இடையூறின்றிச் செய்யக்கூடிய எளிய மூச்சுக் கவனம்.

நேரமும் இடமும்

முதற்படி நேரத்தைத் தெரிவு செய்வது. ‘காலையில் எப்போதாவது’ என்று வைத்துக்கொண்டால் அது நடக்காது. நாள்தோறும் தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு அமர்வை ஒட்டிவைக்க வேண்டும்: பல் துலக்கி முகம் கழுவிய உடனே, அல்லது சுபஹு தொழுகை முடிந்த உடனே, அல்லது பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திய உடனே. கடிகாரத்தைவிட இந்த ஒட்டுதல் உறுதியானது. பிள்ளைகள் 10 நிமிடம் தாமதமாகப் போனாலும், அவர்கள் போன பிறகு என்ற வரிசை மாறுவதில்லை. விடியற்காலை எல்லாருக்கும் சிறந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். இரவுக் கடலுக்குப் போய் விடியும் நேரத்தில் கரைக்கு வரும் மீனவருக்கோ, வைத்தியசாலையில் இரவுக் கடமை பார்க்கும் தாதிக்கோ அது பொருந்தாது. அவர்கள் தங்களுடைய நாள் எங்கே தொடங்குகிறதோ அங்கே வைத்துக்கொள்ளட்டும். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே மட்டும் வேண்டாம், தூக்கம் வரும்.

இடத்தைப் பொறுத்தவரை, வீட்டின் ஒரு மூலை போதும், ஆனால் அதே மூலையாக இருக்கட்டும். கச்சான் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் நம்மூரில் நண்பகலும் பின்னேரமும் அமர்வதற்கு உகந்தவை அல்ல. வெக்கையில் உடல் வியர்த்துச் சோர்ந்திருக்கும்போது மனத்தை ஓரிடத்தில் வைப்பது புதியவருக்குக் கடினம். வாடை தொடங்கி மழை பெய்யும் மாதங்களில் வெக்கை தணிந்திருக்கும், ஆனால் நுளம்பு கூடும். நுளம்பு கடிக்கும்போது அசையாமல் இருப்பதைச் சிலர் தவம் என்று எண்ணுகிறார்கள். டெங்கு பரவும் ஊரில் அது தவமல்ல, ஆபத்து. வலைக்குள் அமருங்கள், அல்லது மின்விசிறியைப் போட்டுக்கொள்ளுங்கள். விசிறியின் சத்தத்தால் தியானம் கெட்டுவிடாது.

கடற்கரை அழகாகத்தான் இருக்கிறது. உப்புவெளியிலோ உட்துறைமுக வீதியோரத்திலோ அதிகாலையில் அமர்ந்து பார்ப்பதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் தொடக்கத்தில் அதை நம்பியிருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அங்கே போவதற்கு உடை மாற்ற வேண்டும், துவிச்சக்கரவண்டியை எடுக்க வேண்டும், மழை வந்தால் போக முடியாது. இப்படி ஒவ்வொன்றும் அமராமல் விடுவதற்கு ஒரு காரணமாகிவிடும். இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: இராவணன் வெட்டுப் பக்கத்துப் பாறை விளிம்புகளிலோ, வழுக்கும் கற்களிலோ கண்ணை மூடி அமரவே கூடாது.

அமர்வது எப்படி

தரையில் சம்மணமிட முடிந்தால், மடித்த போர்வையையோ தலையணையையோ இருக்கைக்குக் கீழே வைத்து இடுப்பை முழங்காலைவிடச் சற்று உயர்த்திக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் முதுகு தானாக நிமிரும், கால் மரத்துப்போவதும் குறையும். முழங்கால் வலியுள்ளவர்களும் வயதானவர்களும் கதிரையில் அமரலாம். கதிரையில் அமர்வது தரம் குறைந்த தியானம் என்ற எண்ணத்துக்கு ஆதாரம் எதுவும் இல்லை. பாதம் இரண்டும் தரையில் முழுமையாகப் படிய வேண்டும், முதுகு சாய்மானத்தில் விழாமல் இருக்க வேண்டும், கைகள் தொடைமேல் கிடக்கட்டும். பத்மாசனத்துக்குக் காலை மடக்கி வலியோடு போராடுவதை விட்டுவிடுங்கள். சுவாசம் தடையின்றி உள்ளே வந்து போகும்படியும், உறங்கிவிடாதபடியும் இருப்பதே இருக்கையின் நோக்கம்.

கைத்தொலைபேசியில் 5 நிமிடத்துக்கு அலாரம் வைத்து, அழைப்பொலியை நிறுத்தி, திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். முதல் இரண்டு வாரத்துக்கு 5 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஆசை இருந்தாலும் வேண்டாம். முதல் நாளே அரை மணி நேரம் அமர்ந்தவர் மூன்றாம் நாள் அந்த அரை மணி நேரத்தை நினைத்தே தள்ளிப்போடுவார். 5 நிமிடத்துக்கு யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

கண்ணை மூடுங்கள், மூடுவது பிடிக்காவிட்டால் இரண்டு முழத் தூரத்தில் தரையில் ஓரிடத்தில் பார்வையைத் தளர்வாக வையுங்கள். முதலில் உடலின் பாரத்தை உணருங்கள்: தொடை பாயைத் தொடும் இடம், பாதம் தரையைத் தொடும் இடம். நெற்றியையும் தாடையையும் தோளையும் தளர்த்துங்கள். பின்பு மூன்று மூச்சை மட்டும் சற்று நீளமாக வெளியே விடுங்கள். உள்மூச்சின்போது இதயம் சற்று வேகமாகவும் வெளிமூச்சின்போது சற்று மெதுவாகவும் துடிப்பது உடலின் இயல்பு. ஆகையால் வெளிமூச்சை நீட்டும்போது உடல் அமைதிப் பக்கம் சாயத் தொடங்குகிறது. அந்த மூன்றுக்குப் பிறகு மூச்சை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். அடக்க வேண்டாம், ஆழமாக்க வேண்டாம், எண்ணிக்கை வைத்து நிறுத்த வேண்டாம். மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகப் பயிற்சிகள் தனியானவை. அவற்றை ஆசிரியர் ஒருவரின் நேரடி மேற்பார்வையிலேயே பழக வேண்டும், இரத்த அழுத்தமோ இருதய நோயோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இனி, மூச்சு எங்கே தெளிவாகத் தெரிகிறது என்று பாருங்கள். சிலருக்கு மூக்கு நுனியில் காற்றின் குளிர்ச்சியாகத் தெரியும், சிலருக்கு நெஞ்சு விரிவதில், இன்னும் சிலருக்கு வயிறு ஏறி இறங்குவதில். ஓர் இடத்தைத் தெரிவு செய்து அந்த அமர்வு முழுவதும் அங்கேயே இருங்கள். மூச்சை மனக்கண்ணில் படமாக வரைய வேண்டாம். தோலிலும் தசையிலும் நடப்பதை நேரடியாக உணர்ந்தால் போதும். தொடக்கத்தில் பிடி கிடைக்காவிட்டால் ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஓர் எண்ணாக 1 முதல் 10 வரை எண்ணி, மறுபடி 1 இலிருந்து தொடங்குங்கள். எண்ணிக்கை தவறினால் எங்கே தவறியது என்று தேடாமல் 1 க்கு வாருங்கள்.

அலைவும் திரும்பலும்

நான்காவது ஐந்தாவது மூச்சுக்குள் மனம் போயிருக்கும். மின்சாரக் கட்டணம், நேற்று மாமி சொன்ன ஒரு சொல், பிள்ளையின் புலமைப்பரிசில் பரீட்சை, சமைக்க வேண்டிய மீன். போயிருப்பது உடனே தெரியாது; கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரியும். அவ்வாறு தெரிகின்ற கணத்தில் பெரும்பாலானோருக்கு ஒரு சலிப்பு வரும், ‘சே, மறுபடியும் போய்விட்டேனே’ என்று. அந்தச் சலிப்பும் இன்னோர் எண்ணம்தான், அதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மனதுக்குள் ‘நினைவு’ என்று ஒரு தடவை மெல்லச் சொல்லிக்கொண்டு அடுத்த மூச்சுக்குத் திரும்புங்கள். எண்ணத்தை விரட்ட வேண்டாம், அதன் கதையைத் தொடரவும் வேண்டாம். இந்தத் திரும்பலில் எவ்வளவு மென்மை இருக்கிறதோ அவ்வளவுக்குப் பயிற்சி நிலைக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. தன்னைத்தானே அதட்டிக்கொண்டு பழகியவர்கள் நீடித்ததை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

தூக்கம் வந்தால் கண்ணைத் திறந்து அமருங்கள், அல்லது எழுந்து நின்று மூச்சைக் கவனியுங்கள். நாள்தோறும் தூங்கி விழுந்தால் இரவில் தூக்கம் போதவில்லை என்று பொருள். அதற்கு மருந்து உறக்கமே. அரிப்போ நோவோ வந்தால், உடனே கை போகாமல் அது எப்படிக் கூடிக் குறைகிறது என்று மூன்று நான்கு மூச்சுக்குப் பாருங்கள். அதன் பிறகும் தாங்க முடியாவிட்டால் அசைவது குற்றமல்ல, மெதுவாக, தெரிந்தே அசையுங்கள். ஒளி தெரிகிறது, உடல் மிதப்பதுபோல இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். தெரிந்தால் தெரியட்டும், அதைத் தேடிப் போனால் பயிற்சி அங்கேயே நின்றுவிடும்.

இரண்டு வாரம் பெரும்பாலான நாட்களில் அமர முடிந்தால் 10 நிமிடமாக்கலாம், பின்னர் வசதிப்படி 15 அல்லது 20. ஒரு நாள் விடுபட்டால் மறுநாள் இரட்டிப்பாக அமர்ந்து ஈடுகட்ட வேண்டாம். கலியாண வீடு, செத்த வீடு, ஆடி அமாவாசைத் தீர்த்தம் என்று நாட்கள் போகத்தான் செய்யும். கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்கள் ஒளித்து ஒளித்து அமர்வதைவிட வீட்டாரிடம் ஒரு தடவை சொல்லிவிடுவது நல்லது: ‘அம்மா, நான் இந்த அறையில் 10 நிமிடம் இருக்கப் போறன், அதுவரைக்கும் கூப்பிடாதீங்கோ.’ இப்படிக் கேட்பது பெண்களுக்குத்தான் கடினம் என்பதை அறிவேன். குசினியில் அடுப்பு எரியும்போது யாரும் அவர்களுக்கு 10 நிமிடத்தைத் தாமாகக் கொடுப்பதில்லை. அந்த வீட்டில் உள்ள மற்றவர்கள் இதை வாசித்தால், அந்த நேரத்துக்கு அடுப்பை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

பாயை விட்டு எழுந்த பின்

அமர்வில் பழகியது அன்றாடத்துக்கு வராவிட்டால் பாதிப் பயன்தான். அது தானாக வராது, அதையும் பழக வேண்டும். நாள் முழுவதும் விழிப்போடு இருப்பேன் என்று உறுதி எடுப்பதை விட்டு, நாள்தோறும் செய்யும் ஒரே ஒரு வேலையைத் தெரிவு செய்து, அந்த வேலையின்போது மட்டும் கவனத்தை அதில் வையுங்கள். குளிப்பதை எடுத்துக்கொள்ள நான் பரிந்துரைப்பேன். கன்னியாவுக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும்: அங்குள்ள 7 வெந்நீர்க் கிணறுகளிலும் நீரின் சூடு ஒன்றுக்கொன்று சற்று வேறுபடும், ஒவ்வொரு வாளி நீர் தோளில் விழும்போதும் உடல் அந்த வேறுபாட்டைத் தவறாமல் உணரும். அந்தக் கவனத்தை உங்கள் வீட்டுக் கிணற்றடியிலும் வையுங்கள். முதல் வாளியின் குளிர், சவர்க்காரத்தின் வாசம், காதோரம் வழியும் நீர். மனம் அலுவலகத்துக்குப் போனால், அடுத்த வாளிக்குத் திரும்புங்கள். ஒரு வாரம் இது பழகிய பின் இன்னொன்றைச் சேர்க்கலாம்: தேநீரின் முதல் மூன்று மிடறு, பாத்திரம் கழுவுதல், கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை ஏறும் நடையில் பாதம் தரையில் படுவதை உணர்தல்.

நடையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அமர்வதற்குப் பொறுமையில்லாத இளையவர்கள் பலருக்கு நடையே நல்ல தொடக்கம். வீட்டு முற்றத்தில் 10 அல்லது 15 அடி நீளமான நேர்ப்பாதை ஒன்று போதும். வழக்கத்தைவிடச் சற்று மெதுவாக நடந்து, குதி படுவது, பாதம் முழுவதும் அமர்வது, விரல்கள் உந்துவது ஆகிய மூன்றையும் உணருங்கள். முனைக்கு வந்ததும் நின்று, ஒரு மூச்சு விட்டு, திரும்பி நடவுங்கள். பௌத்த மரபில் இது அமர்வுக்குச் சமமான பயிற்சியாகவே கற்பிக்கப்படுகிறது. வாகனம் ஓடும் வீதியில் செய்ய வேண்டாம்; வாகனம் ஓட்டும்போது கவனம் மூச்சில் அல்ல, வீதியில் இருக்க வேண்டும்.

அடுத்தது கோபம். தியானம் கோபத்தை இல்லாமலாக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஆனால் கோபம் வருவதற்கும் சொல் வெளியே போவதற்கும் இடையில் ஒரு மூச்சளவு இடம் உண்டாவதை, சில மாதம் பழகியவர்கள் தெளிவாக உணர்கிறார்கள். அந்த இடத்தை வேண்டுமென்றே உருவாக்க ஒரு வழி உண்டு: கைத்தொலைபேசி மணி அடித்தால் உடனே எடுக்காமல் ஒரு முழு மூச்சு விட்டு எடுங்கள், கடுப்பான குறுஞ்செய்திக்கு மூன்று மூச்சு விட்டுப் பதில் எழுதுங்கள், பிள்ளையை அதட்ட வாயெடுக்கும்போது பாதம் தரையில் இருப்பதை ஒரு தடவை உணருங்கள். அலுவலக வரிசையிலும் பேருந்து நிலையத்திலும் காத்திருக்கும் நேரத்தை இதற்கே ஒதுக்கலாம். திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போகும் நீண்ட பயணத்தில், யன்னலோரம் அமர்ந்து சத்தங்களை அவை வருகிறபடியே கேட்டுக்கொண்டிருப்பதும் நல்ல பயிற்சிதான்.

யார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்

இதை நான் பலமுறை யோசித்தே எழுதுகிறேன். நமது மாவட்டத்தில் போரில் உறவுகளை இழந்தவர்களும், இடம்பெயர்ந்தவர்களும், 2004 டிசெம்பர் 26 அன்று கடல் எடுத்துப்போனவர்களைத் தேடி அலைந்தவர்களும் ஒவ்வொரு வீதியிலும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட அனுபவம் உள்ளவர் கண்ணை மூடி அமைதியாக அமரும்போது, அமைதிக்குப் பதிலாக அந்தக் காட்சியும் சத்தமும் நேரில் வந்து நிற்கக்கூடும். இதயம் படபடக்கும், மூச்சு முட்டும். அலையோசை ஒருவருக்கு ஆறுதல், இன்னொருவருக்கு அச்சம். அவ்வாறு நேர்ந்தால் ‘தாங்கிக்கொண்டு இரு’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கண்ணைத் திறவுங்கள், அறையில் உள்ள ஐந்து பொருட்களைப் பெயர் சொல்லிப் பாருங்கள், பாதத்தைத் தரையில் அழுத்துங்கள், எழுந்து தண்ணீர் குடியுங்கள். மறுமுறை அமரும்போது கண்ணைத் திறந்தே, மூச்சுக்குப் பதிலாகக் கையிலோ பாதத்திலோ கவனத்தை வைத்து, 2 நிமிடத்தோடு நிறுத்துங்கள்; அல்லது நடையை மட்டும் செய்யுங்கள்.

காட்சிகள் மறுபடி மறுபடி வந்தாலோ, தூக்கம் கெட்டாலோ, வாழ்வதில் விருப்பம் குறைந்தாலோ, அது தியானத்தால் தனியே தீர்க்க வேண்டிய விடயம் அல்ல. வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடலாம்; தேசிய மனநல உதவி இலக்கமான 1926 க்கு அழைக்கலாம். மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் தியானம் தொடங்கியதும் மருந்தை நிறுத்துவது மிகவும் ஆபத்தானது. அப்படி நிறுத்தச் சொல்லும் ஆசிரியரிடமிருந்து விலகிவிடுங்கள்.

பயன் பற்றியும் அளவோடு பேச வேண்டும். 1979 இல் ஜோன் கபட்-சின் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் நாட்பட்ட நோயாளிகளுக்காகத் தியானப் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கிய பின்னர் மருத்துவ உலகம் தியானத்தைக் கூர்ந்து ஆராயத் தொடங்கியது. 2014 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 47 சோதனைகளில் பங்கெடுத்த 3,515 பேரின் தரவுகளைப் பார்த்து, பதற்றம், மனச்சோர்வு, நோவு ஆகியவற்றில் மிதமான அளவு நன்மை உண்டு என்றும், உடற்பயிற்சி, மருந்து போன்ற பிற சிகிச்சைகளைவிட அது மேலானது என்பதற்குச் சான்றில்லை என்றும் கூறியது. மிதமான நன்மை என்பது சிறிய விடயமல்ல. ஒரு பாயும் 10 நிமிடமும் தவிர வேறு செலவில்லாத ஒன்றுக்கு அது பெரிய பயன்தான். சர்க்கரை வியாதி மாறும், பரீட்சையில் முதலிடம் வரும் என்று பணம் வாங்குபவர்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்.

தனியே சில மாதம் பழகிய பின்னர் ஆழமாகப் போக விரும்புபவர்களுக்கு, பேராதனைக்கு அருகிலுள்ள ‘தம்ம கூட’ என்னும் தியான நிலையத்தில் எஸ். என். கோயங்கா என்ற ஆசிரியரின் மரபிலான 10 நாள் விபாசனா தியான வகுப்புகள் நடைபெறுகின்றன. கட்டணம் இல்லை, முன்பு பயின்றவர்களின் நன்கொடையில் நடப்பது. 10 ஆம் நாள் காலை வரை பேசாமல் இருக்க வேண்டும், கைத்தொலைபேசியை ஒப்படைக்க வேண்டும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 மணி நேரம் அமர வேண்டும். 20 நிமிடம் அமர்ந்து பழகாதவருக்கு அது உடலையும் மனத்தையும் வெகுவாக வருத்தும்; ஆகவே அவசரப்பட வேண்டாம். விண்ணப்பிக்கும்போது உடல்நலத்தையும் மனநலத்தையும் பற்றிக் கேட்பார்கள். இடம் கிடைக்காமல் போய்விடும் என்ற பயத்தில் எதையும் மறைக்காமல், எடுக்கும் மருந்துகளின் பெயர் உட்பட உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.